குறைந்த விலையில் நல்ல சாக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாக்ஸ் வாங்கும்போது நிறத்தையும் விலையையும் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டுவிடுகிறோம். ஆனால் அது கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்றே இடங்களில்தான்: குதிகால் தேயும், பெருவிரல் நுனி ஓட்டையாகும், மேல்பட்டி தொளதொளத்துப் போகும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த மூன்று இடங்களைப் பற்றியவை.

விலை குறைவு என்றால் சீக்கிரம் கிழியும் என்றுதானே அர்த்தம்?

அப்படி இல்லை. சாக்ஸ் விலையில் நூலுக்கும் பின்னலுக்கும் போவது ஒரு பகுதிதான். மீதியெல்லாம் பெயருக்கும் அட்டைப்பெட்டிக்கும் விளம்பரத்துக்கும் போகிறது. அதிக விலை கொடுத்து வாங்கியது மூன்று மாதத்தில் ஓட்டையாவதும், பெயரே இல்லாத சாக்ஸ் இரண்டு வருடம் தாக்குப்பிடிப்பதும் இதனால்தான்.

ஆனால் அடிமட்ட விலைக்குக் கட்டுக்கட்டாக விற்பவற்றில் எச்சரிக்கை தேவை. அவ்வளவு குறைந்த விலைக்கு விற்க வேண்டுமானால் எங்காவது நூலைக் குறைத்தாக வேண்டும். அப்படிக் குறைப்பது பெரும்பாலும் குதிகாலிலும் விரல் நுனியிலும்தான், ஏனென்றால் பாக்கெட்டில் மடித்து வைத்திருக்கும்போது அந்த இடங்கள் கண்ணில் படாது.

ஒரு ஜோடியின் விலையைப் பார்ப்பதைவிட ஒரு தடவை அணிய எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். இரண்டு மடங்கு விலையுள்ள சாக்ஸ் மூன்று மடங்கு நாள் உழைத்தால் அதுதான் மலிவு. நான்கு மடங்கு விலை கொடுத்தால் நான்கு மடங்கு உழைக்குமா என்றால், அநேகமாக இல்லை. அன்றாடம் ஷூவுக்குள் போட்டுக்கொள்ள நடுத்தர விலைதான் சரி.

லேபிளில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நைலான் இருக்கிறதா என்று. சில லேபிள்களில் பாலியமைடு என்று போட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

சாக்ஸில் வழக்கமாகச் சேர்க்கும் நூல்களில் உராய்வை மிக நன்றாகத் தாங்குவது நைலான். 1935-ல் அமெரிக்காவின் டியூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் இதை உருவாக்கினார். 1940-ல் பெண்களுக்கான நீளக் காலுறையாகக் கடைகளுக்கு வந்ததும் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்கினார்கள். இன்றைய சாக்ஸில் அது மறைந்திருந்து வேலை செய்கிறது. பருத்தி நூலோடு ஒரு நைலான் இழையையும் சேர்த்துப் பின்னுவார்கள். பருத்தி மெல்ல மெல்லத் தேய்ந்தாலும் நைலான் வலைபோல் நின்று துணியைப் பிடித்துக்கொள்ளும். பழைய சாக்ஸின் குதிகாலில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் ஒரு வலை தெரிகிறதா? பருத்தி போய்விட்டது, நைலான் மட்டும் மிச்சம் என்று பொருள்.

அன்றாட சாக்ஸுக்குத் தோராயமாக ஒரு கணக்கு: 65 முதல் 80 சதவீதம் பருத்தி, 15 முதல் 30 சதவீதம் நைலான், 2 முதல் 5 சதவீதம் ஸ்பான்டெக்ஸ். ஸ்பான்டெக்ஸ் என்பதை எலாஸ்டேன் என்றோ லைக்ரா என்றோகூடப் போட்டிருப்பார்கள். இதுவும் டியூபான்டில் பிறந்ததுதான். 1958-ல் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது. சாக்ஸ் காலோடு ஒட்டி நிற்பதும், கழற்றியதும் பழைய வடிவத்துக்குத் திரும்புவதும் இதனால்தான். இது துளிகூட இல்லாத சாக்ஸ் மதியத்துக்குள் ஷூவுக்குள் சுருண்டு கிடக்கும்.

நூறு சதவீதம் பருத்திதானே காலுக்கு நல்லது?

இந்த நம்பிக்கைதான் நிறையப் பேருடைய சாக்ஸைக் கிழிக்கிறது. பருத்தி மென்மையானது, வியர்வையை உறிஞ்சும், எல்லாம் சரி. ஆனால் உறிஞ்சியதை எளிதில் விடாது. ஈரமான பருத்தி உப்பி, வழுக்காமல் தோலோடு ஒட்டிக்கொண்டு உராயும். தானாகச் சுருங்கி வடிவத்துக்குத் திரும்பும் குணமும் அதற்கு இல்லை. நைலானால் ஒவ்வாமை, தோல் மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றால் மட்டும் தூய பருத்தியைத் தேடுங்கள். மற்றவர்களுக்குக் கலப்புதான் நல்லது.

பருத்தியிலேயே தரம் பார்க்க வேண்டுமானால், 'கோம்டு' என்று போட்டிருப்பதை எடுக்கலாம். குட்டை இழைகளைச் சீவி நீக்கிவிட்டு நீள இழைகளை மட்டும் வைத்து நூற்றது அது. துணிமேல் சிறு நூல் உருண்டைகளாக முடிச்சு விழுவது குறையும். 'மெர்சரைஸ்டு' என்றால் காஸ்டிக் சோடாவில் பதப்படுத்திய பருத்தி. நூலுக்குப் பளபளப்பும் கூடுதல் வலுவும் வரும், சாயமும் நன்றாக ஏறும். அலுவலகத்துக்குப் போடும் மெல்லிய சாக்ஸில் பார்க்கலாம்.

பாலியஸ்டர், அக்ரிலிக், மூங்கில், கம்பளி... இவற்றில் எது?

வழக்கமான அறை ஈரப்பதத்தில் கம்பளி தன் எடையில் சுமார் 16 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பருத்தி சுமார் 8, நைலான் சுமார் 4. பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. இந்த எண்களிலேயே பாதி விடை இருக்கிறது.

பாலியஸ்டர் விலை குறைவு, சீக்கிரம் காயும், வலுவும் உண்டு. ஓட்டத்துக்கும் உடற்பயிற்சிக்கும் நல்லது. ஆனால் உடலின் எண்ணெய்ப்பசை அதில் ஒட்டிக்கொண்டு நாற்றம் தங்கிவிடும். அக்ரிலிக் கம்பளிபோல் கதகதப்பாக, மென்மையாக இருக்கும். ஆனால் நைலான் அளவுக்கு உராய்வைத் தாங்காது, முடிச்சும் விழும்.

மூங்கில் சாக்ஸ் என்று விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழை வேதிமுறையில் கரைத்து எடுத்த விஸ்கோஸ்தான். தொட்டால் பட்டுபோல் இருக்கும், அதில் சந்தேகமில்லை. சிக்கல் என்னவென்றால் விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழக்கும். பருத்தி இதற்கு நேர்மாறு, நனைந்தால் வலுக்கும். நாள் முழுதும் வியர்வையில் ஊறும் ஒரு பொருளுக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயம் இல்லை. மூங்கில்தான் வேண்டும் என்றால், தாராளமாக நைலான் கலந்ததைப் பாருங்கள்.

கம்பளியில் மெரினோ ரகம் மெல்லியது, குத்தாது. ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொள்வதால் தோல் நசநசக்காது, நாற்றமும் குறைவு. விலைதான் இடிக்கும். குளிரிலும் நெடுநடையிலும் இருப்பவர்கள் ஓரிரு ஜோடிக்குச் செலவு செய்யலாம். தினசரிக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

தடிமனாக இருந்தால் அதிகம் உழைக்குமா?

தடிமன் வேறு, அடர்த்தி வேறு. தடித்த நூலைத் தளர்வாகப் பின்னினாலும் சாக்ஸ் பொதபொதவென்றுதான் இருக்கும். ஆனால் இரண்டு மாதத்தில் அமுங்கிச் சல்லடையாகிவிடும். மெல்லிய நூலை நெருக்கமாகப் பின்னியது அதைத் தாண்டி உழைக்கும்.

சாக்ஸ் பின்னும் வட்ட இயந்திரத்தில் எத்தனை ஊசிகள் என்பதைப் பொறுத்து நெருக்கம் மாறும். தடித்த விளையாட்டு சாக்ஸுக்கு 84, 96 ஊசிகள். அன்றாட ரகங்களுக்கு 144, 168. மெல்லிய அலுவலக சாக்ஸுக்கு 200 வரை போகும். சில தயாரிப்பாளர்கள் இந்த எண்ணைப் போடுவார்கள், பலர் போடுவதில்லை. ஒரே வகை சாக்ஸை ஒப்பிடும்போது மட்டும் இது பயன்படும். விளையாட்டு சாக்ஸில் 96 என்றிருப்பது குறை அல்ல.

உள்ளங்காலில் துவாலைபோல் நூல் வளையங்கள் வைத்த சாக்ஸ் நீண்ட நேரம் நிற்பவர்களுக்கு உண்மையிலேயே சுகம். ஆனால் ஷூவில் அதற்கு இடம் வேண்டும். இறுக்கமான ஷூவுக்குள் தடித்த சாக்ஸைத் திணித்தால் காலும் வலிக்கும், சாக்ஸும் தேயும்.

கடையில் கையில் எடுத்து எப்படிச் சோதிப்பது?

கையை உள்ளே விட்டு விரல்களை விரித்து, குதிகால் பகுதியை விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்தால் பின்னல் தளர்வு. குதிகாலும் விரல் நுனியும் மற்ற இடத்தைவிடக் கொஞ்சமாவது இருட்டாகத் தெரிய வேண்டும், அங்கே கூடுதல் நூல் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பகுதியை வேறு நிறத்தில் பின்னியிருப்பது அழகுக்காகவும் இருக்கலாம். நிறத்தை நம்பாதீர்கள், வெளிச்சத்தை நம்புங்கள்.

அடுத்து மேல்பட்டி. இரண்டு கையாலும் அகலமாக இழுத்து விடுங்கள். சட்டென்று பழைய அளவுக்கு வர வேண்டும். சோம்பேறித்தனமாகச் சுருங்கினால், துவைக்கத் துவைக்க அதுவும் நின்றுவிடும். இழுத்திருக்கும்போது வெள்ளை எலாஸ்டிக் நூல் அறுந்து முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் அந்த ஜோடியை வைத்துவிடுங்கள்.

கடைசியாக உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை, ஆனால் சாக்ஸின் குணம் முழுக்க உள்ளேதான் தெரியும். படம் போட்ட சாக்ஸில் ஒவ்வொரு நிற நூலும் ஒரு உருவத்திலிருந்து அடுத்ததற்கு உட்புறமாகத் தாண்டிப் போகும். அந்தத் தொங்கும் நூல்கள் நீளமாக இருந்தால் கால்விரல் நகத்தில் மாட்டும், இழுவையும் குறையும். வேடிக்கைப் படங்கள் போட்ட மலிவு சாக்ஸ் பலவும் காலில் ஏற மறுப்பது இதனால்தான்.

பாக்கெட்டைப் பிரிக்க விடமாட்டார்கள், அல்லது இணையத்தில்தான் வாங்குகிறேன். என்ன செய்வது?

ஒரே ஒரு ஜோடி, இல்லையென்றால் இருப்பதிலேயே சின்ன பாக்கெட், வாங்குங்கள். பத்துத் தடவை துவைத்து அணியுங்கள். மேல்பட்டி நிற்கிறதா, குதிகால் மெலிகிறதா என்று பார்த்துவிட்டு, அதே ரகத்தை மொத்தமாக வாங்குங்கள். தள்ளுபடி முடிந்துவிடுமே என்ற பதற்றத்தில் பன்னிரண்டு ஜோடி வாங்கி, பன்னிரண்டும் ஒரே மாதத்தில் பல்லிளிப்பது சாதாரணமாக நடக்கிற கதை.

இணையத்தில் மற்றவர்கள் எழுதும் கருத்துகளில் 'நேற்று வந்தது, அருமை' என்பவற்றால் பயன் இல்லை. 'ஆறு மாதம் ஆகிறது' என்று தொடங்குபவற்றைத் தேடிப் படியுங்கள். நூல் கலவையே குறிப்பிடாமல் 'உயர்தரத் துணி' என்று மட்டும் போட்டிருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

'ஃப்ரீ சைஸ்' எல்லோருக்கும் பொருந்துமா?

இடைப்பட்ட அளவுக் கால்களுக்குப் பொருந்தும். பெரிய பாதத்தில் குதிகால் பகுதி உள்ளங்காலுக்கு இறங்கிவிடும், விரல் நுனி முரசுத் தோல்போல் விறைத்து நிற்கும். அந்த இழுவையிலேயே பாதி ஆயுள் போய்விடும். சிறிய பாதத்தில் மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்தில் கொப்புளம் வரும்.

அளவை வரம்பாகப் போட்டிருப்பார்கள், உதாரணமாக ஷூ அளவு 39 முதல் 42 வரை என்று. வரம்பு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. உங்கள் அளவு இரண்டு வரம்புகளின் எல்லையில் இருந்தால் பெரியதை எடுங்கள். சில நாடுகளின் லேபிளில் சாக்ஸ் அளவு என்பது ஷூ எண் அல்ல, அங்குலத்தில் பாத நீளம். குழம்பிவிட வேண்டாம். குழந்தைகளுக்கு 'வளர்வான், பெரிதாகவே இருக்கட்டும்' என்று எடுக்கும் பழக்கம் சட்டைக்குச் சரி, சாக்ஸுக்கு வேண்டாம்.

குதிகால் வடிவமே இல்லாத குழாய் சாக்ஸ் வாங்கலாமா?

தூங்கும்போது போட்டுக்கொள்ளலாம். ஷூவுக்குள் நாள் முழுதும் நடப்பவர்கள், குதிகாலுக்குத் தனிப் பை வைத்துப் பின்னியதையே வாங்குங்கள். தட்டையாக விரித்தால் பாதமும் கணுக்காலும் எல் வடிவில் வளைந்து தெரியும், குதிகாலில் கோணமாக ஒரு கோடு ஓடும்.

விரல் நுனியில் இருக்கும் தையல் உறுத்துகிறது.

சாக்ஸ் குழாயாகப் பின்னி முடிந்ததும் விரல் பக்கத்தை மூடுவார்கள். மலிவான முறையில் தையல் போட்டு மூடும்போது உள்ளே ஒரு மேடு நிற்கும், சுண்டுவிரல்மேல் அது அழுத்தும். கண்ணி கண்ணியாகக் கோத்து மூடும் முறையில் மேடு ஏறக்குறைய இருக்காது. லேபிளில் 'சீம்லெஸ்' என்றோ 'ஹேண்ட் லிங்க்டு' என்றோ போட்டிருப்பார்கள். உள்ளே விரலை ஓட்டிப் பார்த்தால் லேபிளே தேவையில்லை. மேடு உள்ள சாக்ஸ் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் உட்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். ஷூவுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்!

எந்த சாக்ஸ் வாங்கினாலும் ஒரே இடத்தில்தான் ஓட்டை விழுகிறது. ஏன்?

அப்படியானால் குற்றவாளி சாக்ஸ் அல்ல. பெருவிரலில் என்றால் முதலில் நகத்தைப் பாருங்கள். நகம் சரியாக இருந்தும் ஓட்டை விழுந்தால் ஷூ நீளம் போதவில்லை, அல்லது நடக்கும்போது பெருவிரலை மேலே தூக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. பலருக்கு உண்டு, அவர்களுக்கே தெரியாது.

குதிகாலின் பின்பக்கம் தேய்கிறது என்றால் ஷூவின் உள்பக்கத் துணியைத் தடவிப் பாருங்கள். அது கிழிந்து உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கோ அட்டையோ துருத்திக்கொண்டிருக்கும். அந்த ஷூ இருக்கும்வரை எந்த சாக்ஸும் தப்பாது. சிறு தோல் துண்டையோ ஒட்டுத்துணியையோ ஒட்டினால் தீரும். நாடாவைச் சரியாகக் கட்டாமல் கால் ஏறி இறங்குவதும் இதே இடத்தைத்தான் தேய்க்கும். உள்ளங்காலின் முன்பகுதி மெலிந்தால் ஷூவின் உள்தகடு சொரசொரத்துப் போயிருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும்.

செருப்பு, ஷூ இல்லாமல் வெறும் சாக்ஸோடு கரடுமுரடான தரையில் நடப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

காலில் சாக்ஸ் தடம் ஆழமாகப் பதிகிறது. ஆபத்தா?

லேசான கோடு இயல்பு. ஆழமான பள்ளம், அரிப்பு, கால் மரத்துப்போதல் என்றால் மேல்பட்டி உங்கள் காலுக்கு இறுக்கம். எலாஸ்டிக் ஒரே வளையமாக இல்லாமல் அகலமான வரிப்பின்னலாக உள்ளதை எடுங்கள். சாக்ஸ் மாற்றியும் வீக்கம் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

அழுத்த சாக்ஸ் எனப்படும் கம்ப்ரஷன் வகை வேறு. அதன் அழுத்தத்தை மில்லிமீட்டர் பாதரச அளவில் குறிப்பார்கள், 15 முதல் 20 என்பதுபோல. காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு உள்ளவர்களுக்கு அது கெடுதல் செய்யலாம். மருத்துவர் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

ஷூவுக்கு வெளியே தெரியாத குட்டை சாக்ஸ் நழுவிக்கொண்டே இருக்கிறதே?

குதிகாலின் உட்புறத்தில் சிலிக்கோன் பட்டை ஒட்டியதை வாங்குங்கள். ஒற்றைக் கோடாக இல்லாமல் அகலமாக ஒட்டியிருக்க வேண்டும். வாய் மிக அகலமாக வெட்டியவை எப்படியும் நழுவும்.

நாற்றம் எடுக்காத சாக்ஸ் உண்டா?

வியர்வைக்குத் தனியாகப் பெரிய நாற்றம் கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியாக்கள் வியர்வையில் உள்ள பொருள்களைச் சிதைத்து ஐசோவலெரிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்குகின்றன, மூக்கைத் துளைப்பது அதுதான். ஆகவே ஈரம் குறைந்தால் நாற்றமும் குறையும். வெள்ளி கலந்த நாற்றத் தடுப்பு சாக்ஸ் ஓரளவு உதவும். பல ரகங்களில் வெள்ளி துவைக்கத் துவைக்கக் கரைந்து போகும், அதனால் அதற்காக அதிக விலை கொடுப்பதில் அர்த்தம் இல்லை. தினமும் சாக்ஸ் மாற்றுவதும், ஒரே ஷூவை நாள் தவறாமல் போடாமல் ஒருநாள் விட்டுக் காயவைப்பதும் செலவில்லாத வழி.

சேற்றுப்புண் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். பூஞ்சை வித்துகள் வெதுவெதுப்பான நீரில் சாகாது. சாக்ஸை 60 டிகிரி செல்சியஸ் நீரில் துவைக்க வேண்டும். ஸ்பான்டெக்ஸ் கொஞ்சம் சீக்கிரம் தளரும், தளர்ந்துவிட்டுப் போகட்டும்.

நீண்ட தூரம் நடந்தால் கொப்புளம் வருகிறது.

ஈரமும் உராய்வும் சேர்ந்து செய்யும் வேலை அது. பருத்தி அதிகம் உள்ளதைத் தவிர்த்து, பாலியஸ்டர்–நைலான் கலப்போ மெரினோ கலப்போ அணியுங்கள். இரட்டை அடுக்கு சாக்ஸில் உராய்வு இரண்டு துணிகளுக்கு நடுவே நடக்கும், தோல் தப்பிக்கும். விரல் இடுக்கில் கொப்புளம் வருபவர்களுக்கு ஐந்து விரல் சாக்ஸ் கைகொடுக்கும். பார்க்கக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது?

பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் மடிப்போ தையலோ காயப்படுத்துவதுகூடத் தெரியாது. அதனால் தையல் மேடு இல்லாத, மேல்பட்டி தளர்வான, வெள்ளை அல்லது வெளிர் நிற சாக்ஸ் நல்லது. ரத்தமோ நீரோ கசிந்தால் வெளிர் நிறத்தில் உடனே கண்ணில் படும். சாக்ஸைக் கழற்றியதும் அதையும் காலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஓட்டையானதையும் தைத்ததையும் இவர்கள் போடக் கூடாது.

எப்படித் துவைத்தால் அதிக நாள் வரும்?

உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த அல்லது 30 டிகிரி நீரில். அழுக்கும் தோல் துகளும் உள்ளேதான் இருக்கின்றன, வெளிப்புறம் முடிச்சு விழுவதும் இதனால் குறையும். குளோரின் பிளீச் ஸ்பான்டெக்ஸையும் கம்பளியையும் அரித்துவிடும். துணி மென்மையாக்கும் திரவம் இழைமேல் படலமாகப் படிந்து ஈரம் உறிஞ்சுவதைக் கெடுக்கும், அதை விட்டுவிட்டால் காசும் மிச்சம்.

சாக்ஸுக்கு முதல் எதிரி சூடு. இயந்திர உலர்த்தியின் சூட்டில் எலாஸ்டிக் உயிரை விடும். கொடியில் போடுங்கள், அதுவும் விரல் பக்கத்தில் கிளிப் மாட்டி. மேல்பட்டியில் மாட்டினால் நீரின் கனம் அதையே இழுக்கும். நைலான் கடும் வெயிலில் நாளடைவில் வலுவிழக்கும் என்பதால் காய்ந்ததும் எடுத்துவிடுங்கள். ஒன்றுக்குள் ஒன்றைச் சுருட்டிப் பந்தாக வைப்பதும் மேல்பட்டியைத்தான் தளர்த்துகிறது. மடித்து வைத்தால் போதும்.

எத்தனை ஜோடி வைத்துக்கொள்ளலாம்?

வாரம் ஒருமுறை துவைப்பவர்களுக்கு எட்டு முதல் பத்து. அதைவிட முக்கியம், எல்லாம் ஒரே ரகம், ஒரே நிறமாக வாங்குவது. ஒன்று கிழிந்தாலும் தொலைந்தாலும் மற்றது இன்னொன்றோடு ஜோடி சேர்ந்துவிடும். காலையில் தேடும் வேலையும் இல்லை.

ஓட்டையைத் தைத்துப் போடலாமா?

சுற்றிலும் துணி நன்றாக இருந்து ஓட்டை மட்டும் சிறிதாக இருந்தால் தைக்கலாம். விளிம்புகளை இழுத்துச் சேர்த்து முடிச்சுப் போட்டால் அந்த முடிச்சு காலைக் குத்தும். நூலை நெடுக்காகவும் குறுக்காகவும் ஓட்டி, பாய் பின்னுவதுபோல் அடைக்க வேண்டும். ஓட்டை விழும் முன்பே, குதிகால் மெலிய ஆரம்பித்ததும் இப்படி ஓட்டிவிட்டால் இன்னும் நன்று. அன்றாட மலிவு சாக்ஸுக்கு இந்தப் பாடு தேவையா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. கம்பளி சாக்ஸுக்குக் கட்டாயம் செய்யலாம். மேல்பட்டி தளர்ந்துவிட்ட சாக்ஸை மட்டும் தைத்துப் பயன் இல்லை. அதை வெட்டி, ஷூ துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.